கடல்நாய்க் கப்பலும் நீல வண்டியும்

அந்த ஆயுத பூஜைக்கு வண்டியருகே இருந்தவர்கள்: டிரைவர் அண்ணன், கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்த நாங்கள் நான்கு பேர், பூசணிக்காய் உடைக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்த கான்ட்ராக்டர். இல்லாதவன் ஒருவன்தான். என் அறைத் தோழன். லீவு போட்டுவிட்டு ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்த தன் ஊருக்குப் போயிருந்தான். அவன் இருந்திருந்தால் நாங்கள் அந்தப் பெயின்ட் வேலையில் கை வைத்திருக்க மாட்டோம்.

மண்ணூரில் வாடகை அறைகளில் இருந்த எங்களை ஒரகடத்துக்கு ஷிஃப்டுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்த வண்டி அது. அதற்கு முன் போலீஸ் வண்டி. கைதிகளைக் கோர்ட்டுக்கும் ஜெயிலுக்கும் ஏற்றிப் போனது. கான்ட்ராக்டர் ஏலத்தில் எடுத்திருந்தார். ஜன்னல் கம்பிகளை அறுத்து எடுத்த பிறகும் வெல்டிங் முடிச்சுகள் விளிம்பில் பல் மாதிரி நின்றன. எதிரெதிரே இரண்டு நீளப் பெஞ்சுகள். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியே மட்டும்தான். நாங்கள் ஏறியதும் டிரைவர் அண்ணன் இறங்கி வந்து தாழ் போடுவார், கம்பெனி வாசலில் மறுபடி வந்து திறந்துவிடுவார். உள்ளேயும் ஒரு தாழ் வைக்கச் சொல்லிக் கேட்டோம். ஏன், வழியிலேயே இறங்கி ஓடவா என்று கான்ட்ராக்டர் சிரித்ததோடு சரி.

உள்பக்கத்து நீலத் தகடெல்லாம் கீறல். ஆணியாலோ பெல்ட்டுக் கொக்கியாலோ கீறியவை. பெயர்கள், ஊர்கள், ஒரு வேல், ஒரு பெண்ணின் பெயருக்கு மேல் ஆழமான அடித்தல். எழுதத் தெரியாதவர்கள் வெறும் கோடு போட்டிருந்தார்கள். முதுகைச் சாய்த்தால் சட்டைத் துணி வழியாக அவை உறுத்தும். இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் முதுகில் இருப்பது போலத் தோன்றும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக் முடித்தும் ஆங்கிலம் நாக்கில் நிற்கவில்லை. பழக வேண்டும் என்று பூந்தமல்லியில் எடைக்கு வாங்கிய, அட்டை போன ஒரு புத்தகத்தை வண்டியில் படிப்பேன். பழைய பாய்மரக் கப்பல்களைப் பற்றியது. அதில் ஒரு கப்பலின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. இருநூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்திலிருந்து கைதிகளை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றிப் போன கப்பல். பிறகு கைமாறி, தென்கடல் தீவுகளுக்குக் கடல்நாய்த் தோலுக்காக, அதாவது சீல் என்கிற கடல் விலங்கின் தோலுக்காக, போய் வந்திருக்கிறது. கைதிகள் கிடந்த அதே கீழ்த்தளத்தில் உப்பிட்ட தோல்கள்.

இதைத் தமிழில் சொன்னபோது வண்டியே கேட்டது. நாய்த் தோலுக்கா அவ்வளவு தூரம் போனார்கள் என்று டிரைவர் அண்ணன் முன்னாலிருந்து கேட்டார். வேட்டைக்காரர்களை ஒரு பாறைத் தீவில் இறக்கிவிட்டு, தோலை உரித்துக் காயவைத்துக்கொண்டிருங்கள், அப்புறம் வந்து ஏற்றிக்கொள்கிறோம் என்று கப்பல் போய்விடும். சில சமயம் வரும், சில சமயம் வராது என்றேன். நம்ம கான்ட்ராக்டர் மாதிரி என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து வண்டிக்குக் கப்பல் என்றே பெயர்.

அறைத் தோழன் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி நடக்கும்போது கேட்டான்.

"மாப்ள, அந்தக் கப்பல்ல போனவுகள்ல யாரு திரும்பி வந்தாகன்னு போட்டிருக்கா?"

போடவில்லை. கப்பலின் நீளம் இருந்தது, பாய்மரம் எத்தனை என்று இருந்தது, யார் யார் முதலாளி என்று இருந்தது. கைதிகள் எத்தனை பேர் ஏறினார்கள், வழியில் எத்தனை பேர் செத்தார்கள், அவ்வளவுதான். சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டான்.

அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நாள் உட்கார்ந்த இடத்தில் மறுநாள் உட்கார மாட்டான். பெஞ்சில் ஒவ்வொரு ஆளாகக் கெஞ்சி இடம் மாற்றிக்கொள்வான். உட்கார்ந்ததும் ஜன்னலைப் பார்க்காமல் பின்னால் திரும்பித் தகட்டைப் பார்ப்பான். "இன்னாபா சீட்டு மாறி, இன்னிக்கு யார் மடி?" என்று டிரைவர் அண்ணன் கேட்காத நாளில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயப்படுகிறான் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம்.

பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைப்பது எப்போதும் நடப்பதுதான். அந்த வருடம் எங்களுக்கு வேகம் வந்துவிட்டது. நாள் முழுக்க யாரோ ஒருவனுடைய காருக்குப் பெயின்ட் அடிக்கிறோம், நம்ம கப்பலுக்கு அடிக்கக் கூடாதா என்று ஒருவன் கேட்டான். லைனில் மிஞ்சிய க்ரீம் கலர் கிடைத்தது. எமரி ஷீட் போட்டுத் தேய்த்து, கீறல்களுக்குப் பட்டி பார்த்து, சுவர் வழவழவென்று ஆகும்வரை மறுபடி தேய்த்து, இரண்டு கோட்டு அடித்தோம். கம்பெனியில்கூட அத்தனை சுத்தமாக வேலை செய்ததில்லை. கையால் தடவினால் எதுவும் தட்டுப்படவில்லை. கான்ட்ராக்டர் உள்ளே எட்டிப் பார்த்து, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு என்றார்.

ஊரிலிருந்து திரும்பியவன் முதல் நாள் வண்டியில் ஏறி நடுவில் நின்றான். உட்காரவில்லை. மண்ணூரிலிருந்து ஒரகடம் வரை கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தான். எல்லோரும் பெயின்ட் எப்படி என்று கேட்டார்கள். நல்லாருக்கு என்றான்.

அன்று சாயங்காலம் அறையில் அரிசி களைந்துகொண்டே சொன்னான். அவனுக்கு எட்டு வயதில் படகுத் துறையில் நடந்த ஒரு தகராறில் ஒரு ஆள் இறந்துபோக, அவன் அப்பாவைப் பிடித்துப் போயிருக்கிறார்கள். ராமநாதபுரம் கோர்ட்டுக்கும் மதுரை ஜெயிலுக்குமாக ஒன்றரை வருடம் வண்டியில் போய் வந்திருக்கிறார். கடைசியில் விடுதலையாகிவிட்டார். ஜெயில் வாசலிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. எங்கே போனார் என்று இன்றுவரை தெரியாது. அம்மா இன்னும் பொட்டு வைத்துக்கொள்கிறார். நம் வண்டியின் நம்பர் ராமநாதபுரத்து நம்பர், நீ கவனிக்கவில்லையா என்றான்.

"அவருக்கு எழுத வராது மாப்ள. வலை மிதவையில ஒரு அடையாளம் வெட்டுவாரு, மீன் வாலு, அதுக்கு மேல ரெண்டு கோடு. சும்மா உக்காந்தாலும் கை அதைத்தான் கீறும். வீட்டுத் தூண்ல இருக்கு, உலக்கையில இருக்கு. இதுலயும் இருக்கும்னு நெனச்சேன். அவரு உக்காந்த எடத்துல ஒருக்கா உக்காரணும், அம்புட்டுத்தான்."

ஒரு பெஞ்சு முழுக்கப் பார்த்து முடித்திருக்கிறான். அடுத்ததில் பாதி.

அவனைக் கேட்டுக்கொண்டு டிரைவர் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவர் வெகுநேரம் ஸ்டியரிங்கைத் துடைத்தார். "மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பிரஷ்ஷையே தொட்டிருக்க மாட்டேனே" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஷெட் சாவியை அவரே கொண்டு வந்தார்.

தின்னரும் எமரியும் கொண்டு மூன்று பேரும் தேய்த்தோம். க்ரீம் கழன்று பழைய நீலம் வந்தது. நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஆழமான கீறல்களில் நாங்கள் வைத்த பட்டி அப்படியே தங்கி, நீலத்தில் வெள்ளை வெள்ளையாக எழுந்து வந்தது. முன்னைவிடத் தெளிவாக. பெயர் பெயராக. அந்த வேல் வந்தது. அடித்தலோடு அந்தப் பெண்ணின் பெயர் வந்தது. பகல் வெளிச்சத்தில், வெளியே கோழி மேயும் சத்தத்தில், யாரோ உள்ளிருந்து சாக்பீஸால் எழுதுவது போல இருந்தது. டிரைவர் அண்ணன் கீழே இறங்கி பீடி பற்றவைத்தார். கொஞ்ச நேரம் ஏறவில்லை.

மேலோட்டமான கீறல்களை எமரி தின்றுவிட்டிருந்தது. அவை திரும்பவில்லை.

கதவிலிருந்து இரண்டாவது ஆள் உட்காரும் இடத்தில் அவன் கை நின்றது. ஒரு வால். சரியாகப் பிளந்த மீன் வால். மேலே எதுவும் இல்லை, நாங்கள் பூஜைக்குத் தேய்த்த வழவழப்பு மட்டும். அவன் விரலை அங்கே வைத்துத் தடவிக்கொண்டே இருந்தான். அதுவா என்று கேட்டேன். இருக்கலாம் என்றான்.

மறுநாள் அந்த இடத்தில் உட்கார்ந்து வேலைக்கு வந்தான். முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டான். அதற்கு அடுத்த நாள் உட்காரவில்லை. வேறு யாரும் உட்காரவில்லை. யார் சொல்லி எல்லோருக்கும் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. நெருக்கியடித்து நின்று வருவார்களே தவிர, அந்த ஒரு ஆள் இடம் காலியாகவே போய்க் காலியாகவே வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் தெரியாமல் உட்கார்ந்து, ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் தானாக எழுந்து நின்றான். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கதவைத் தாழிடும் முன் டிரைவர் அண்ணன் ஒருமுறை அங்கே பார்த்துவிட்டுத்தான் தாழிடுவார்.

அடுத்த வருடம் கம்பெனி ஆளைக் குறைத்தது. ஒரு திங்கட்கிழமை வண்டி வரவில்லை. சாலையோரம் சாப்பாட்டுத் தூக்கோடு வெயில் ஏறும்வரை நின்றோம். கான்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. பாறைத் தீவு என்று ஒருவன் மெதுவாகச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

என் புத்தகத்தில் அந்தக் கப்பலின் முடிவு ஒரே வரி. உடைத்து விற்கப்பட்டது என்று.

சுங்குவார்சத்திரம் போகிற சாலையில் ஒரு காயலான் கடையில் வண்டி நிற்கிறது என்று டிரைவர் அண்ணன்தான் கண்டுபிடித்துச் சொன்னார். நாங்கள் போனபோது சக்கரங்களும் கதவும் போயிருந்தன. கதவிலிருந்து இரண்டாவது இடத்துத் தகட்டை மட்டும் அறுத்துத் தரச் சொன்னோம். கடைக்காரருக்குப் புரியவில்லை, முழு வண்டியாகத்தான் எடைபோடுவேன் என்றார். டிரைவர் அண்ணன் அவரைத் தனியே கூட்டிப்போய் ஏதோ பேசினார். கேஸ் கட்டரின் தீ படும்போது நீலம் கருகி நாறியது. வால் கருகாமல் இருக்க அறைத் தோழன் ஈரச் சாக்கை அதன்மேல் பிடித்துக்கொண்டு நின்றான்.

சாக்கில் சுற்றி அதை ஊருக்கு எடுத்துப் போனான். அம்மாவிடம் காட்டினாயா என்று போனில் கேட்டதற்கு, தூணுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னான்.

இரும்பு எடைக்கு முந்நூற்றுப் பத்து, அறுத்த கூலி நூற்றைம்பது, பஸ்ஸில் லக்கேஜ் நூறு. நாங்கள் மூன்று பேரும் போட்டது மொத்தம் ஐந்நூற்று அறுபது ரூபாய்.