அரிசியில் இல்லாத கல்

பிள்ளைகளே, எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் கொல்லங்கோட்டு நெல் விவசாயி ஒருவர் இருந்தார். கனத்த உடம்பு, முறுக்கிய மீசை. கஞ்சி வந்தால் ஒவ்வொரு பருக்கையையும் விரலால் நசுக்கிப் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார்.

ஏன் என்று கேட்டேன்.

"பித்தப்பையில கல்லு சும்மா வருமாங்க? எம்பட பொண்டாட்டி அரிசியச் சரியா அரிக்கறதே இல்லீங்க. அதான் உள்ள சேந்துருச்சு. ஊரெல்லாம் அதச் சொல்லிப்போட்டு, போடீன்னு அவ அம்மா ஊட்டுக்கு அனுப்பிப்போட்டேன்."

அவருக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாள், மலையாளி நர்ஸ் ஒருவர் அந்தக் கற்களை ஒரு குப்பியில் கொண்டுவந்து கொடுத்தார். கடலைப்பருப்பு மாதிரி மஞ்சள். அவர் ஒன்றை நகத்தால் சுரண்டினார். மெழுகாக உரிந்தது!

"மண்ணில்ல சேட்டா, கொழுப்பாக்கும்" என்றார் நர்ஸ். "ஈரல்ல ஊறுற பித்தத்துல கொழுப்பு கூடிப்போனா கரையாது. பித்தப்பையில தங்கித் தங்கி இப்படி உறைஞ்சு கல்லாயிடும். சோத்துக்கல்லு அங்க போகவே போகாது."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப, இது எம்பட ஒடம்பே பண்ணுனதுங்களா?"

சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னார்.

"அந்தக் கல்ல வீசிப்போடாதீங்க" என்றது அந்த அம்மாளின் குரல். "எம்பேரக் கெடுத்த ஊடு ஊடா நீங்களே கொண்டுபோய்க் காட்டோணும். அப்பறந்தான் வருவேன்."

மறுநாள் நான் வீடு திரும்பிவிட்டேன். எத்தனை வாசலில் அவர் அந்தக் குப்பியை நீட்டினாரோ, இன்றும் யோசிக்கிறேன்.