வலையைச் சுற்றி வந்த மஹாலக்ஷ்மி டீச்சர்

மஹாலக்ஷ்மி டீச்சர் நாங்குநேரியிலிருந்து காலை பஸ்ஸில் உவரிக்கு வருவார். எங்கள் தெரு அங்கன்வாடியில் சேர்ந்த புதிதில், மீன்வாடை தாங்காமல் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவே மாட்டார்.

"இந்தம்மா ஒரு வாரம் தாங்குமாலே?" என்று என் அக்கா பாக்கியம் சிரிப்பாள். ஆனால் அவர் தாங்கியே ஆகவேண்டும். அத்தான் இறந்த பிறகு அக்காவின் மீன்கூடைதான் வீட்டுக்குச் சோறு. மகள் ஆன்லினை அங்கன்வாடியில் விட்டால்தான் அவள் சந்தைக்குப் போகமுடியும்.

ஒருநாள் சுவரில் இருந்த படத்தைக் காட்டி, இது என்ன என்று பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார் டீச்சர்.

"மீனு."

"சரி."

"என்ன மீனு டீச்சர்? சாளையா, நெத்திலியா?" ஆன்லின் விடவில்லை.

உருண்டையாக, சிவப்பாக, சிரித்துக்கொண்டு இருந்தது படத்து மீன். டீச்சர் உற்றுப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியலயே" என்றிருக்கிறார்.

"இப்பிடி ஒரு மீனே கெடையாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள் நாலு வயதுக்காரி.

வேறு யாராவது என்றால் அதட்டி உட்காரவைத்திருப்பார்கள். இவர் மறுநாளே பிள்ளைகளைக் கரைக்கு அழைத்து வந்தார். அவர்கள் மீன் பெயரைச் சொல்ல, டீச்சர் திருப்பிச் சொன்னார். தப்பாகச் சொன்னால் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டே நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத பெயரைப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிக்கொள்கிற முகம் எவ்வளவு அழகு என்று அப்போதுதான் பார்த்தேன்.

அப்படி வந்த ஒருநாள், அலையை நோக்கி ஓடிய பிள்ளையைப் பிடிக்கப் பாய்ந்தவர், விரித்திருந்த வலையைச் செருப்புக்காலோடு தாண்டிவிட்டார். எங்கள் கரையில் வலையை யாரும் தாண்டுவதில்லை; சுற்றித்தான் போவோம்.

"ஏ அம்மா! எங்க வயித்தையல்லா தாண்டுதீய!" என்று கத்தினார் என் அப்பா சிலுவைமுத்து.

அடுத்தமுறை படகு வெறுமையாகத் திரும்பியது. "இனிமே பிள்ள அங்கன போவாது" என்றார் அப்பா. கரையில் அப்பா சொல்லுக்கு மதிப்பு உண்டு. மற்ற வீடுகளும் பிள்ளைகளை நிறுத்திவிட்டன.

அக்கா கொதித்தாள். "அந்தம்மா பிள்ளையப் புடிக்க ஓடுச்சி. நீங்க வலையப் பாத்துக்கிட்டு நின்னீங்க. இப்ப கூடைக்குள்ள இவளயும் வச்சிக்கிட்டா நான் சந்தைக்குப் போவ?"

அப்பா இறங்கி வரவில்லை.

பிள்ளைகள் இல்லாத அறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, டீச்சர் தனியாகக் கரைக்கு வந்தார். வலைக்கு இந்தப் பக்கம் அப்பாவும் நானும். எங்களிடம் எப்படி வருவது என்று தெரியாமல் டீச்சர் அந்தப் பக்கம் நிற்க, என் அருகில் விளையாடிக்கொண்டிருந்த ஆன்லின் எழுந்து ஓடினாள்.

"செருப்ப அங்கனயே போடுங்க டீச்சர். பையப் பைய வாங்க. இப்பிடிச் சுத்தி."

வலையின் ஓரத்தைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். டீச்சரும் குனிந்து தொட்டார். கோயிலில் செய்வதுபோல இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

"தப்பு டீச்சர்! நெத்தியில தொடணும்."

"ஏட்டி, விடு. அவிய சாமிய அவிய கும்புடுதாவ." அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "இவளுக்கு இதெல்லாம் யாருலே சொல்லிக்குடுத்தா?" என்றார்.

யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எங்கள் மடியில் கிடந்தே பார்த்திருக்கிறாள்.

"தெரியாமச் செஞ்சிட்டேன் அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

"அதான் தெரிஞ்சிக்கிட்டீயள்லா. நாளைக்குப் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வாங்க. இந்தக் கழுத இன்னும் என்னெல்லாம் தெரிஞ்சி வச்சிருக்கான்னு நானும் பாக்கணும்."

மறுநாள் பிள்ளைகள் எல்லாரும் அங்கன்வாடிக்குத் திரும்ப, அக்கா கூடையோடு பஸ் ஏறினாள். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவர் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார். நன்றி சொல்ல இதுவரை எனக்கு வாய் வரவில்லை. காலையில் வலை விரிக்கும்போது, அவரும் பிள்ளைகளும் கைகோத்து நடக்கிற அகலத்துக்கு மணலில் வழி விட்டு விரிக்கிறேன்.