கூட்டிச் சொன்ன ஒரு வயசு

டிவியில் உலக ஜூனியர் போட்டி. உயரம் தாண்டிய ஒரு பையனின் குதிகால் பட்டுக் குறுக்குக் கம்பி விழுந்தது. அந்தச் சத்தம் என்னைப் பொழிச்சலூர் வீட்டின் பின்கட்டுக்கு இழுத்துப் போய்விட்டது.

துணி காயப்போடும் கம்பங்களுக்கு நடுவே மூங்கிலை வைத்து, அதைத் தாண்டிப் பழைய மெத்தைகள்மேல் அண்ணன் மல்லாந்து விழுவான். தேங்காய் நார் நெடி மூக்கில் ஏறும். விமானம் தாழப் போனால், "அதுல இடிச்சிக்காதடா" என்பார் அப்பா. ஊரெல்லாம், "எம்புள்ள தரையில நிக்கமாட்டான்" என்று சொல்லிக்கொண்டு திரிவார்.

ஜூனியர் அணித் தேர்வுக்குப் போன அன்று, அண்ணன் மதியமே திரும்பிவிட்டான்.

"சர்டிபிகேட்ல எனக்கு வயசு தாண்டிடுச்சாம்பா. நான் பொறந்தது அதுல போட்டிருக்கற வருஷத்துக்கு அடுத்த வருஷம்தானே?"

அப்பா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். "ஒண்ணாவதுல சேத்துக்கணுமேன்னு நான்தான் ஒரு வயசு கூட்டிச் சொன்னேன். உன் தங்கச்சி அப்ப கைக்கொழந்த. ரெண்டையும் வச்சிகினு உங்கம்மாவுக்கு ஒரே பேஜாரு. எல்லாரும் செய்யறதுதானேடா."

அண்ணன் என்னைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நீ சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டான். மறுநாள் மழை வந்தது. மெத்தைகளை யாரும் உள்ளே எடுக்கவில்லை.

போன மாதம் அண்ணன் ரிடையர் ஆனான், அந்தச் சர்டிபிகேட்படி, ஒரு வருஷம் முன்னாலேயே. இப்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டிவியைப் பார்த்தான்.

"இந்தப் பையனுக்கு என்ன வயசு?"

"பத்தொன்பதுன்னு போட்டிருக்காங்கண்ணா."

"போட்டிருக்கறது இருக்கட்டும். நெஜ வயசு?"