செடி அவருக்கு, மீன் எனக்கு

மாட்டைப் பார்க்கத் தெரிந்தவளுக்கு மீனைப் பார்க்கவும் தெரியும். இதை எந்த மீன் கடைக்காரர் முன்னாலும் நின்று சொல்வேன். தீனியைக் கண்டதும் முன்னால் வருகிறதா, ஒதுங்கி நிற்கிறதா, மூச்சு எப்படி வாங்குகிறது, கழிவு எப்படிப் போகிறது என்று மாட்டுக்குப் பார்ப்பது இந்த நாலுதான். மீனுக்கும் அதே நாலுதான். மீன் உதைக்காது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

வடகரப்பதிப் பக்கம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. உள்ளே கறுப்பு மோலிகளும் கப்பிகளும் நீந்துகின்றன. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு, அதில் பருப்பு வேகாது. ஆனால் அந்தத் தண்ணீர் மோலிக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. பின்பக்கம் முழுக்க நாடா போல நீண்ட இலைச் செடி, நடுவில் அகல இலைச் செடிகள், மேலே மிதக்கும் பச்சை. விருந்தாளிகள் காபி ஆறுவது தெரியாமல் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எப்படி இவ்வளவு தெளிவாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுகிறோம், விளக்கை ஏழு மணி நேரத்துக்கு மேல் எரிய விடுவதில்லை, தீனியைக் கிள்ளிப் போடுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு தடவை இந்தத் தொட்டியைக் கெடுத்துவைத்த கதையை மட்டும் சொல்வதில்லை. அது கொஞ்சம் நீளம்.

என் வீட்டுக்காரருக்கு முதுகுத் தண்டில் ஆபரேஷன் நடந்தது. குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, டிராக்டரில் ஏறுவதை மறந்துவிடுங்கள் என்று பாலக்காட்டில் டாக்டர் சொல்லிவிட்டார். தென்னையையும் தக்காளியையும் பக்கத்துத் தோட்டக்காரர் பொறுப்பில் விட்டோம். அதுவரை, நான் கண் விழிக்கும்போதே மோட்டார் போடப் போயிருக்கும் மனிதர் அவர். அதற்குப் பிறகு, நான் மூன்று மாட்டையும் கறந்துவிட்டு வாளியோடு உள்ளே வந்தால், சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கிடப்பார். தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"ஏனுங்க, எந்திரிங்க, பொழுது வந்திருச்சு" என்பேன்.

"எந்திரிச்சு என்ன பண்றது புள்ள?" என்பார்.

எனக்குப் பயமாக இருந்தது. முதுகு வலி மருந்தில் தீரும். எழுந்திருக்க மனமில்லாதவருக்கு என்ன மருந்து கொடுப்பது?

கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகன்தான் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தான், அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று. மாடு, கன்று, இவர், இப்போது மீனுமா என்று நான் அவனைத் திட்டினேன். இவரோ மீன்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் காலை பால் வாளியோடு உள்ளே வந்தபோது, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இந்தச் செடிய இத்தனை ஆழமா நட்டிருக்கறான் பாரு. குருத்து அழுகிப் போயிருமல்ல?" என்று மகனைத் திட்டினார். எனக்கு அந்தத் திட்டைக் கேட்கக் கேட்க இனித்தது.

மகன் அந்தத் தொட்டியைப் பழைய நெல் பெட்டியின் மேல் வைத்திருந்தான். நெஞ்சளவு உயரம். குனியாமல் செய்யக்கூடிய வெள்ளாமை அவருக்கு அது ஒன்றுதான். கையை விட்டுச் செடியைத் தூக்கி நட்டார், பழுத்த இலையைக் கிள்ளினார், பக்கக் கன்றுகளைப் பிரித்து வரிசை வைத்தார். செடி அவருக்கு, மீன் எனக்கு என்று பேசாமலே பாகம் பிரிந்தது. தினமும் எனக்கு முன்னால் எழுந்தார். எனக்கு வேறென்ன வேண்டும்?

அப்போதுதான் அகல இலைச் செடியில் அடி இலைகள் மஞ்சளாயின. தழைச்சத்துக் குறைவு என்று அவர் பார்த்தவுடன் சொன்னார். இலையைப் பார்த்துச் சொல்வதில் எங்கள் சுற்றுவட்டத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. சொன்னது சரியும்கூட. சொன்னதோடு நிற்காமல், நான் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்த நேரத்தில் தோட்டத்துச் சாளைக் குடிசையிலிருந்து ஒரு சிட்டிகை யூரியாவை எடுத்துவந்து தொட்டியில் போட்டுவிட்டார்.

மறுநாள் ஒன்றும் ஆகவில்லை. அதற்கும் மறுநாள் காலையில் மோலிகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் சிவந்திருந்தது. வயிறு உப்பிய மாடு மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அதே தவிப்புதான். முந்தின நாளே பிடித்து ஆறவைத்திருந்த போர் தண்ணீரைக் கொண்டுவந்து, பாதித் தண்ணீரை இறைத்து மாற்றினேன். மத்தியானம் மறுபடி மாற்றினேன். அப்படியும் ஆறு மோலிகள் செத்துப்போயின. கடைசியாகச் செத்தது குட்டி போடும் நிலையில் இருந்த தாய்.

"என்னத்தப் போட்டீங்க?" என்றேன்.

"துளியூண்டு யூரியா" என்றார். "செடி பசியா இருந்துச்சு புள்ள."

எனக்கு வந்த கோபத்தில் வீடே அதிர்ந்தது. "தோட்டத்துல போடறத இதுல போட்டா அமோனியா ஆகாதுங்களா? உசுரு இருக்குதுன்னு தெரியாதுங்களா? இனிமே இதுக்குள்ள கை உடாதீங்க!" எவ்வளவு கோபத்திலும் எங்கள் ஊர் நாக்கு 'ங்க'வை விடாது. அதனால் திட்டு மரியாதையோடு போய்ச் சேர்ந்தது. சேர்ந்த இடத்தில் வலி குறைந்திருக்காது.

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு சில நாட்கள் தொட்டிக்கு முன்னால் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அடுத்தவர் பொறுப்பில் விட்ட தன் தோட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பாரே, அதே நிற்பு. பிறகு அந்த நிற்பும் இல்லை. ஒரு காலை நான் வாளியோடு வந்தபோது மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆனாலும் நான் இறங்கிப் போகவில்லை. பிடிவாதத்தில் என் பிறந்த வீட்டில் யாருக்கும் நான் சளைத்தவள் இல்லை. அந்தத் தாய் மோலியும் கண்ணிலேயே நின்றது.

கிள்ள ஆளில்லாமல் பழுத்த இலைகள் தொட்டிக்குள்ளேயே அழுகின. கண்ணாடியில் பச்சைப் பாசி ஏறியது. சுத்தம் என்றால் நான்தானே! ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் வழித்தெடுத்தேன். செடிகளில் பாதியைப் பிடுங்கிப் போட்டேன். ஃபில்டரைத் திறந்தால் உள்ளே இருந்த பஞ்சு பழுப்பு நிறத்தில் வழவழவென்று இருந்தது. பால் கேனை எப்படிக் கழுவுவேனோ அப்படிக் கழுவினேன். கொதிநீர் ஊற்றிக் கசக்கி, பிளீச்சிங் பவுடர் வாசம் வீசும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டினேன். பஞ்சு புதுசுபோல் ஆனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலாம் நாள் காலை மீன்கள் மறுபடி மேலே வந்து வாயைத் திறந்து மூடின.

இந்த முறை யாரும் யூரியா போடவில்லை. தண்ணீரை மாற்றிவிட்டு, பாலக்காடு டவுனில் மீன் வாங்கிய கடைக்குப் போன் போட்டேன். "சேச்சி, ஃபில்டர் பஞ்சை என்ன பண்ணுனீங்க?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பழுப்பு வழவழப்பு அழுக்கில்லை, கண்ணுக்குத் தெரியாத உயிர். மீன் கழிவில் வரும் அமோனியாவைத் தின்று தீர்ப்பது அதுதான். தொட்டியிலிருந்து இறைத்த தண்ணீரிலேயே இலேசாகப் பிழிந்து வைத்தால் போதும்.

எனக்கு உடனே புரிந்தது. உறைமோர்ப் பாத்திரத்தை விளக்கிக் கவிழ்த்துவிட்டு, விடிந்ததும் தயிர் எங்கே என்று தேடின கதைதான். பால் மாடு வைத்திருப்பவள் செய்கிற காரியமா இது?

நாலு மோலிகள் போய்விட்டன. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் எத்தனை நாளைக்கு இதை மறைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்ப்பது? கட்டிலருகே போய் நின்றேன்.

"ஏனுங்க, நானும் கொன்னுபோட்டனுங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். பஞ்சைக் கழுவிய கதை முழுவதையும் சொன்னேன்.

"எத்தனை போச்சு?"

"நாலுங்க."

"அப்ப நாந்தான் ரெண்டு கூட" என்றார். சிரிப்பு எனக்குத்தான் முதலில் வந்தது. சிரிக்கக்கூடாத விஷயம்தான். ஆனால் இரண்டு பேராலும் நிறுத்த முடியவில்லை. அவருக்கு முதுகு வலிக்கும் அளவுக்குச் சிரித்தார்.

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கூடத்துக்கு வந்தார். தொட்டியைக் கண்ணால் அளந்தார். "செடி நல்லா இருந்திருந்தா அந்த விஷத்துல பாதிய அது குடிச்சிருக்கும். பிடுங்கிப் போட்டயே! வேகமா வளர்ற சாதியா நாலு கொண்டாரச் சொல்லு பையன." சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். அதோடு நின்றார். கை தொட்டியின் விளிம்பு வரை போயிருந்தது, உள்ளே போகவில்லை. என்னைப் பார்த்தார்.

"கை உடட்டுமா புள்ள?"

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் ஒன்றுக்கும் அனுமதி கேட்டதில்லை. கேட்க வைத்தது நான். கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

"உங்க வெள்ளாமைங்க, என்னைய எதுக்குக் கேக்கறீங்க" என்றேன். அவர் கை முழங்கை வரை தண்ணீருக்குள் போனது.

மறுநாள் காலை மூன்று மாட்டையும் கறந்துவிட்டு உள்ளே வந்தேன். கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"ஏம்புள்ள, நேத்து எத்தனை தீனி போட்டே? பாதி அடியிலயே கெடக்குது! மீனப் பத்தி என்னத்தத் தெரியும் உனக்கு?"

அப்படி ஒரு பேச்சை வேறு யார் பேசியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன். பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு, அந்தக் காலிக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.