துருத்தில் விட்டுவந்த ஆள்

இதை எழுதலாம் என்று சம்மதித்தது செல்வதாஸ்தான். பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். “எதுக்கு? நடந்ததத்தானே எழுதுகிய” என்றார். அதனால் ஆட்களின் பெயர் அப்படியே இருக்கிறது. இடத்தின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். அங்கே இன்றைக்கும் ஆட்கள் பணம் கட்டித் தங்குகிறார்கள்.

கைதத்துருத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். துருத்து என்றால் ஆற்றுக்கு நடுவில் கிடக்கும் சின்னத் தீவு. குழித்துறை ஆறு கடலில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால், நாலு பக்கமும் தண்ணீர். ஒரு சுற்று நடந்து வர இருபது நிமிடம் போதும். நாற்பத்திரண்டு வீடு, ஒரு ஜெபக்கூடம், ஒரு பெட்டிக்கடை. செல்வதாஸ் பிறந்தது அங்கேதான். வயரிங் வேலை. காலையில் வள்ளம் ஏறிக் கரைக்குப் போவார், சாயங்காலம் திரும்புவார். மனைவி சுபிதா. பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள்.

பிறகு வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். முதலில் ஒரு வீட்டை வாங்கி, வெள்ளையடித்து, ஹோம்ஸ்டே என்று போர்டு மாட்டினார்கள். அடுத்து ரிசார்ட் வந்தது. அவர்கள் ஆழமாகக் குழாய் இறக்கியதும் ஊர்க் கிணறுகளில் உப்பு ஏறியது. குடிக்கிற தண்ணீரைக் கரையிலிருந்து கேன் கேனாக வாங்கும்படி ஆயிற்று. வள்ளக்கூலி எட்டு மடங்கானது. மீன் விற்க வருகிறவள் வீட்டு முற்றங்களை மறந்துவிட்டு நேரே ரிசார்ட் அடுக்களைக்குப் போனாள். யாரும் யாரையும் விரட்டவில்லை. ஆனால் அங்கே இருந்துகொண்டு சாப்பிட முடியவில்லை. ஒவ்வொரு வீடாகக் காலியானது.

2023 பிப்ரவரியில் மிச்சம் மூன்றே வீடு. அந்த மாதம் செல்வதாசும் வீட்டை ரிசார்ட்டுக்கு விற்றுக் கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. நல்ல வெயில். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் முந்தைய நாளே மார்த்தாண்டத்து வாடகை வீட்டுக்குப் போய்விட்டன. மகளும் அங்கே இருந்தாள். கடைசி மூட்டைகளைக் கிளீட்டசின் வள்ளத்தில் ஏற்றிவிட்டு, செல்வதாசும் சுபிதாவும் கடவில், அதாவது படகுத்துறையில், நின்றார்கள். நாலு மணிக்கு ரிசார்ட் மேனேஜர் வந்து சாவியை வாங்கிக்கொள்வார். அத்துடன் தீர்ந்தது.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. மெயின் சுவிட்சை இறக்கவில்லை.

“விடுங்க. இனி அது அவனுக்க வீடு. கரண்டும் அவனுக்க கரண்டு” என்றாள் சுபிதா.

“அஞ்சு மினிட்டு. வந்திருகேன்.”

“லே மக்கா, பைய நடந்து நேரத்தக் களையாத. தண்ணி வத்துனா வள்ளம் மணல்ல தட்டும்” என்று கிளீட்டஸ் சத்தம் போட்டான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள்.

செல்வதாஸ் வீட்டுக்குள் போனபோது செல்போனில் மணி பார்த்தார். 3.12.

மெயின் சுவிட்ச் நடு அறையில் இருந்தது. ஒரு கதவு, ஒரு ஜன்னல். அறையில் ஒரு சாமானும் இல்லை. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடம் மட்டும் சதுரம் சதுரமாக வெளுத்திருந்தது. கைப்பிடியைப் பிடித்து இறக்கினார். டக்.

திரும்பினார். கதவு சாத்தியிருந்தது.

காற்று அடிக்கவில்லை. கதவு சாத்திய சத்தமும் கேட்கவில்லை. அந்தக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாளே கிடையாது. கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. காலைக் கதவு நிலையில் ஊன்றி இழுத்தார். சுவரைப் பிடித்து இழுப்பது போல இருந்தது.

ஜன்னலுக்குப் போனார். கொக்கி எடுக்க வந்தது. பலகை திறக்கவில்லை.

பயம் வரவில்லை. ஈரத்தில் மரம் உப்பியிருக்கும் என்று நினைத்தார். “சுபிதா!” என்று ஒரு குரல் கொடுத்தார். கடவு கூப்பிடு தூரம்தான். பதில் இல்லை.

மணி 3.17. சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

அப்போதுதான் குளிர் தெரிந்தது.

பிடரியில் மெல்லிய காற்று பட்டது. கூடவே ஒரு முனகல்... ம்ம்ம்ம்... ஒரே சீராக. இருபது வருடம் வயரிங் செய்த மனிதர். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். ஏசி. ஒன்றரை டன் இருக்கும்.

அந்த வீட்டில் ஏசி மாட்டியதே இல்லை. மெயினை இறக்கியது அவருடைய கை.

அண்ணாந்து பார்த்தார். வெறும் சுவர். காற்று மட்டும் வந்தது.

3.19. கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம். கட... கட... கட... சக்கரம் வைத்த பெட்டியைத் தரையில் இழுக்கும் சத்தம். ஒரு ஆண் இருமினான். ஒரு பெண் பேசினாள். சென்னைப் பக்கத்துப் பேச்சு.

“ஏங்க, ரூம் நல்லா இருக்குல்ல?”

அவருக்கு உயிர் வந்தது. வாங்கினவர்கள் நேரத்தோடு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. கதவை ஓங்கித் தட்டினார். மூன்று தட்டு.

அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றது.

“ஆருங்க அது? கதவத் திறங்க. உள்ள மாட்டிக்கிட்டேன்.”

பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல், மெதுவாக...

“அம்மா. சுவத்துக்குள்ள யாரோ தட்டுறாங்க.”

செல்வதாஸ் தன் கையைப் பார்த்தார்.

அது சுவர் அல்ல. அவர் தட்டியது கதவை. கை இன்னும் மரத்தின்மேல்தான் இருந்தது.

மறுபடி தட்டினார். இரண்டு கையாலும். “சுபிதா! கதவத் திற! ஏட்டி சுபிதா!”

அந்தப் பக்கம் பெண் வீறிட்டாள். ஓடும் காலடிகள். ஏதோ கண்ணாடிச் சாமான் உடைந்தது.

3.23.

அவர் தரையில் படுத்தார். கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி உண்டு. கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தார்.

அவர் வீட்டுத் தரை சிவப்புச் சிமெண்ட். அந்தப் பக்கம் வெள்ளை டைல்ஸ்.

டைல்சின்மேல் இரண்டு சின்னப் பாதங்கள். வெறுங்கால். அசையாமல் நின்றன.

பிறகு முழங்கால் மடிந்தது.

ஒரு கை ஊன்றியது.

ஒரு முகம் இறங்கி வந்தது... கன்னத்தைத் தரையில் வைத்தது.

ஒரு கண். அவரையே பார்த்தது.

“மாமா... நீங்க ஏன் இன்னும் போகல?”

அவருக்கு அடுத்து நினைவில் இருப்பது சுபிதாவின் கை. அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். கதவு அகலத் திறந்து கிடந்தது. அப்பால் சிவப்புச் சிமெண்ட் தரை. அவர் அறையின் நடுவில் உட்கார்ந்திருந்தார். செல்போனில் மணி 3.26.

“எங்க போனிய? எங்கெல்லாம் தேடுகது?”

“இங்கதான் இருந்தேன். கால்மணி நேரம்கூட ஆவல்ல.”

“மணி அஞ்சாவப் போவுது. மேனேஜர் வந்து சாவிக்கி நிக்கியாரு.” அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். “இந்த ரூமுக்குள்ள நான் ரெண்டு வாட்டி வந்து பாத்தேன். நீங்க இல்ல.”

கிளீட்டஸ் வாசலில் நின்றான். அவனும் பார்த்தானாம். யாரும் இல்லையாம்.

மூவரும் வள்ளம் ஏறினார்கள். வீட்டுக்குப் போய்த்தான் சுபிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, “மவகிட்ட சொல்லண்டாம்” என்று மட்டும் சொன்னாள்.

மார்த்தாண்டத்தில் மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் பஸ், லாரி, ஹாரன். தண்ணீர் குழாயில் வந்தது. வேலையும் நிறையக் கிடைத்தது. இரண்டு வருடம் எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

இந்த அக்டோபர், ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு ஜவுளிக்கடையில் ஏணிமேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடித்து இறங்கப் போனார். இடது கால் வரவில்லை. மரத்துப்போகவில்லை, வலிக்கவும் இல்லை. ஏணிப்படியோடு சேர்த்துத் தைத்தது போல நின்றது. நாலு பேர் சேர்ந்து தூக்கி இறக்கினார்கள். சாயங்காலத்துக்குள் வலது காலிலும் விரல்கள் அசையவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பு சோதித்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். சொல்லும்போது அவரே குழம்பிப்போயிருந்தார்.

அடுத்த புதன், சாயங்காலம் நாலு மணி. கேள்விப்பட்டுக் கிளீட்டஸ் வந்தான், ஒரு சீப்பு ஏத்தன் பழத்தோடு. அவன் இப்போது ரிசார்ட்டின் படகை ஓட்டுகிறான். துருத்தில் வேறு வேலை கிடையாது. பேச்சு எங்கெங்கோ சுற்றியது.

“மக்கா, ஒண்ணு சொன்னா பேடிக்கப்பிடாது.”

“சொல்லு.”

“ஒனக்க வீட்டில ஆளு தங்க மாட்டேங்குவு. மத்தியானம் மூணேகால் ஆனா சுவருக்குள்ள தட்டுகாம். ஆம்பளக் குரல். சுபிதா, கதவத் திறன்னு.”

அடுக்களையில் இருந்த சுபிதா வாசலுக்கு வந்து நின்றாள்.

“நான் மேனேஜர்கிட்ட சொன்னேன். அந்த ஆளு உயிரோட மார்த்தாண்டத்தில இருக்கான், பேயி எங்கேருந்து வரும்னு. அவரு கேக்கல்ல. எங்கேயோ இருந்து ஒரு மந்திரவாதியக் கூட்டிட்டு வந்தாரு. அவன் வீட்டச் சுத்தி வந்தான். வள்ளம் ஏறிப் போனது வேற, இங்க இருக்கியது வேறன்னான். பொறவு, அத அங்கேயே கெட்டிப்போட, பின்னால நிக்க ஆயினி மரத்தில ஆணி அடிச்சான்.”

“எப்பம்?”

“போன வெள்ளி. பதினேழாம் தேதி. பகல் பதினொண்ணே முக்கால் இருக்கும்.”

செல்வதாஸ் சுபிதாவைப் பார்த்தார். ஜவுளிக்கடைக்காரர் போன் செய்தபோது அவள் கடிகாரத்தைப் பார்த்திருந்தாள். பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம்.

“எத்தன ஆணி?” என்று கேட்டது அவள்தான்.

“ரெண்டு. ஒண்ணு முழுசா இறங்கிட்டு. மத்தது பாதியில நிக்குவு. மழ புடிச்சிட்டு. வாற வெள்ளிக்கிழம வந்து அடிச்சு முடிக்கேன்னு போயிருக்கான்.”

கிளீட்டஸ் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கும் புரிந்தது. சுபிதா உள்ளே போய், கணவரின் வேலைப் பையிலிருந்து பெரிய கட்டிங் பிளேயரை எடுத்துவந்து அவன் கையில் வைத்தாள்.

“எங்கள அந்தக் கடவில ஏற விடமாட்டாவ அண்ணா. நீங்கதான் போவணும்.”

மறுநாள், வியாழன். காலை 6.40க்குப் போன் வந்தது. சுபிதா ஸ்பீக்கரில் போட்டாள்.

“பாதியில நின்னதப் பிடுங்கியாச்சு லே. ஆத்தில எறிஞ்சிட்டேன்.”

செல்வதாஸ் போர்வையை விலக்கினார். வலது காலின் பெருவிரலைப் பார்த்தார். அது அசைந்தது.

“மத்தது?”

அந்தப் பக்கம் படகு இன்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது.

“இழுத்தேன் மக்கா... இழுக்க இழுக்க வீட்டுக்குள்ள இருந்து ஒரே கரச்சல், ஆளு அழுவுகது. அது நீதான். ஒனக்க கரச்சல் எனக்குத் தெரியாதா? எனக்குக் கை வரல்ல.”

செல்வதாஸ் இப்போது வலது காலை ஊன்றி, கம்பு பிடித்து நடக்கிறார். இடது கால் கூடவே இழுபட்டு வருகிறது. ஏணி ஏற முடியாது. ஒரு எலக்ட்ரிக் கடையில் உட்கார்ந்து ஃபேன் ரிப்பேர் செய்கிறார்.

வெள்ளிக்கிழமை மந்திரவாதி சொன்னபடி வந்தான். கிளீட்டஸ்தான் அவனைப் படகில் கொண்டுபோய் விட்டான். ஒரு ஆணி பிடுங்கியிருப்பதை அவன் பார்த்தான். கோபப்படவில்லை. மரத்தில் இருந்த மற்ற ஆணியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, மேனேஜரிடம் சொன்னானாம்.

“ஒண்ணே போதும். இனி அவனால இந்தத் துருத்த விட்டுப் போவ முடியாது.”