உரிக்காத பெயர்ப்பலகை

பிளாஸ்டிக் தகட்டில் கீறல் விழாமலிருக்க ஒட்டி வரும் பழுப்புத் தாளை, பழசான பிறகு உரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். கண்டியில் பெயர்ப்பலகைக் கடை வைத்து நான் எழுதியதைவிட உரித்ததுதான் அதிகம்.

தின்னர்

எனக்குக் கிடைத்ததெல்லாம் யாரோ கிடங்கில் வருடக்கணக்காகப் போட்டு வைத்த தகடுகள். பசை இறுகி, தாள் சுவரில் பூசியதுபோல ஒட்டியிருக்கும். பிளேட் வைத்தால் கீறும். என்னோடு வேலை செய்த நஸீர் ஒரு நாள் பொறுமை கெட்டுப் பெயின்ட் கரைக்கும் தின்னரை ஊற்றிவிட்டார். தாள் வந்தது; தகடு முழுக்க மயிரிழை வெடிப்பு. நான் கத்தி ஓய்ந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பேப்பரக் கழட்டத்தானே சொன்னீங்க, கழண்டிருச்சிதானே?"

மண்ணெண்ணெய்

பிறகு மண்ணெண்ணெய்தான். ஓரத்தில் தடவி, ஊறவிட்டு, தாளைத் தகட்டோடு படிய மெதுவாக இழுக்க வேண்டும். எண்பத்துமூன்று கலவரம் ஓய்ந்து கடை திறந்த வாரம், கையில் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்த என்னைச் சந்தியில் பொலிஸ்காரர் நிறுத்தினார். எரிந்த தமிழ்க் கடைகளின் கரி இன்னும் கழுவப்படவில்லை. பெயர்ப்பலகை வேலைக்கு என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அரைகுறைத் தமிழில் கேட்டார்: "போர்ட் எல்லாம் எரிஞ்சது, இனி யாருக்கு போர்ட்?"

உரிக்க வேண்டாம்

அந்தப் பலகை, பேராதனையில் புதிதாக டிஸ்பென்சரி திறந்த யாழ்ப்பாணத்துப் பல் டொக்டருக்கு. கலவரத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். கண்ணாடிபோன்ற தகட்டின் பின்புறத்தில் மூன்று மொழியிலும் அவர் பெயரை, முன்னாலிருந்து நேராகத் தெரிய, இடவலம் மாற்றி எழுதி முடித்து, முன்புறத் தாளில் கை வைத்தேன். தடுத்தார். இப்படியே மாட்டினால் பெயர் தெரியாதே டொக்டர் என்றேன். "ஓம், அதுக்குத்தான் சொல்லுறன், உரிக்க வேண்டாம்."

உரிச்சுத் தாங்கோ

சில வருடங்கள் அந்தப் பலகை வெறும் பழுப்பாகவே தொங்கியது. யுத்தம் முடியவில்லை. ஒரு நாள் அவரே கழற்றிக்கொண்டு வந்தார். மகள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டாளாம், அப்பாவின் பெயர் எங்கே என்று கேட்கிறாளாம். மண்ணெண்ணெய் பின்னால் கசிந்தால் பெயின்ட் கரைந்து பெயரே போய்விடும். சுடுதண்ணீர்த் துணி போட்டு, கட்டைவிரலால் உருட்டி உருட்டி, நாள் முழுக்க எடுத்தேன். ஓர் எழுத்துக்கூடக் கெடவில்லை. மறுநாள் நானே ஏணியில் ஏறி மாட்டினேன். டொக்டர் கீழே நின்று பெயரைப் பார்த்தார், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார், பிறகு மெல்லக் கேட்டார்: "எழுத்துக் கொஞ்சம் பெரிசாப் போச்சோ, தம்பி?"

தகட்டில் ஒட்டியதை எப்படியாவது உரித்துவிடுவேன், மனிதர்மேல் ஒட்டியதை உரிக்க எனக்கு வழி தெரியாது.