சித்தப்பா சுற்றிய டேப்

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று காலை, சித்தப்பா தன் பழைய வேனுக்கு அடியில் படுத்திருந்தார். அவர் பிளம்பர். குழாய், ஏணி, மோட்டார் எல்லாம் அந்த வேனில்தான் போகும். இன்ஜினோடு சுற்றும் ஃபேன் உடைந்துபோனதால், எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டியிருந்தார். சூடு ஏறியதும் அதை ஓடவைக்கும் சென்சாரை ரேடியேட்டரில் முறுக்குவதுதான் பாக்கி. அதைக் கொடுத்தது, ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்.

"ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டா கொறஞ்சா போயிடுவீங்க?" என்றாள் சித்தி.

"உன்னைக் கட்டுறதுக்கு முன்னாடியே குழாய் மரையோட குடும்பம் நடத்துனவன்டி நான்!"

தண்ணீர் கசியாமலிருக்கக் குழாய்க்குச் சுற்றுவதுபோலவே சென்சாரின் மரையிலும் வெள்ளை டேப்பைத் தடிமனாகச் சுற்றி இறுக்கினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

என்னை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது, மேட்டில் இன்ஜின் கொதித்து இறுகிப்போனது. ஃபேன் ஓடவே இல்லை. போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடை வாசலிலேயே கத்தி, சிநேகிதரோடு பேச்சை முறித்தார். வேனோடு தொழிலும் போயிற்று.

பல தேசம் சுற்றி நான் திரும்பியபோது, அவர் யாரிடமோ கூலிக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தார். வேன் வாசலில் துருப்பிடித்து நின்றது.

அதற்கும் வெகுகாலம் கழித்து அவரிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது:

"கண்ணு, இன்னிக்குப் பழைய இரும்புக்கு வேனை உடைக்க வந்தவன் சொன்னான். அந்த சென்சாருக்கு மரை வழியாத்தான் எர்த்தாம். என் டேப்தான் கரண்ட் ஓடவிடாம தடுத்திருக்கு. என் சிநேகிதன்கிட்ட சொல்லலாம்னு அவன் கடைக்குப் போனேன். அவன் செத்து ஒரு மாசமாச்சாம்."